மேடத்தின் வலது கால்

அவரை நினைத்தால் முகத்துக்கு முன்னால் கால்தான் வருகிறது. வலது கால். பெருவிரலுக்குக் கீழே சதை கல்லாகத் தடித்துப்போய், நகங்களில் மருதாணி எப்போதும் பாதி மங்கியிருக்கும் கால். அந்தக் காலின் செருப்பு, இடது செருப்புக்கு வெகுநாள் முன்னதாகவே தேய்ந்துவிடும். படப்பை பஜாரில் செருப்பு தைப்பவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மேடத்துக்கு மட்டும் ஒற்றைச் செருப்பாக விற்கச் சொல்லிக் கடைக்காரரிடம் பேசட்டுமா என்று கேட்டாராம். மேடமே இதைச் சொல்லிச் சிரிப்பார்.

பெயரைச் சொல்லிப் பயனில்லை. ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து மணிமங்கலம் வரை எல்லோருக்கும் அவர் மேடம்தான். பெயரைச் சொல்லி விசாரித்தால், அப்படி யாரும் இங்கே இல்லையே என்பார்கள்.

படப்பையில் அவர் ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்திவந்தார். ஒரே ஒரு கார். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டு வெள்ளம் வந்ததே, அதற்கு முந்தைய வருஷம் நான் அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டேன். எனக்கு அப்போதே நாற்பது தாண்டிவிட்டது. அவர் என்னைவிடச் சில வயது மூத்தவர், அவ்வளவுதான். வல்லம் வடகால் பக்கம் தொழிற்பேட்டைக்கு நிலம் போன குடும்பத்துப் பெண்கள், ஷிஃப்ட் முடித்துக் கண் சிவக்க வரும் பையன்கள், ஒரு பாதிரியார், நான் என்று அந்த வருஷத்து மாணவர்கள் ஒரு கலவை. எல்லோருக்கும் அவர் சொல்வது ஒன்றேதான். முன்னால் போகிறவன் பைத்தியம், பின்னால் வருகிறவன் குருடு, நடுவில் புத்தியோடு இருப்பது நீ ஒருத்தன், அதுவும் சந்தேகம்தான். கிளட்ச் பற்றி ஒரு பாடம் உண்டு. "கிளட்சு மாமியா மாதிரி சார். மெல்ல மெல்லத்தான் வுடணும். சட்டுனு வுட்டீங்கன்னா குதிக்கும்."

பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கையின் கீழேயும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. ஓட்டுகிறவரின் பெடல்களோடு அவற்றை ஒரு கம்பி இணைத்திருக்கும். மேடம் அங்கே மிதித்தால் இங்கே நம் காலடியில் பெடல் இறங்கும். இருபது வருஷத்துக்கு மேல் அந்த இருக்கையில் உட்கார்ந்து, பிறர் ஓட்டும் வண்டிக்குப் பிரேக் போட்டே வாழ்ந்தவர் அவர். அந்தப் பழக்கம் காரை விட்டு இறங்கிய பிறகும் காலை விட்டு இறங்கவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்தாலும் மிதிப்பார். ஷேர் ஆட்டோவில் ஏழாவது ஆளாக மடங்கி உட்கார்ந்திருக்கும்போதும் மிதிப்பார். பக்கத்தில் இருப்பவரின் பாதம்தான் பிரேக். தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்க்கும்போது, இல்லாத ரன்னுக்கு ஒருவன் ஓடினால் அவர் வீட்டுத் தரையில் கால் அழுந்தும். மணிமங்கலத்தில் ஒரு திருவிழாவுக்குப் போயிருந்தோம். சாமி தூக்கி வருகிறவர்கள் தெருமுனையில் கொஞ்சம் வேகமாகத் திரும்பினார்கள். கும்பிட்ட கை அப்படியே இருக்க, அவருடைய வலது கால் மட்டும் மணலில் புதைந்து ஒரு குழி செய்தது. அவருக்கே அது தெரியாது.

மனிதர்கள் பேசும்போதும் அப்படித்தான். ஒருமுறை ஒரகடத்தில் டீக்கடை வாசலில் நின்றுகொண்டு, வேலையை விட்டுவிடப் போகிறேன், இந்தப் பக்கத்து ஏரிகள், கல்வெட்டுகள், எந்த ஊர் எந்த வருஷம் தொழிற்சாலை ஆனது என்பதையெல்லாம் எழுதிக்கொண்டு வீட்டில் இருக்கப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். நல்ல விஷயம்தான் சார் என்றார். கீழே பார்த்தேன். செருப்பு ஜல்லியில் அழுந்தியிருந்தது. டீயைக் குடித்துவிட்டு டூட்டிக்குப் போனேன். இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். அன்று அவர் கால் என்னைக் காப்பாற்றியதா, நிறுத்தியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவருக்கு ஒரே மகள். கூடப் படித்த திருச்சிப் பையனைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று அவள் வந்து சொன்னபோதும் மேஜைக்கு அடியில் கால் மிதித்திருக்கிறது. மகள் அதைப் பார்த்துவிட்டாள். "அம்மா வாய் சரின்னுச்சு சார், காலு வேணாம்னுச்சு. நான் வாயைத்தான் கேட்டேன்" என்று பின்னாளில் என்னிடம் சொன்னாள். கல்யாணம் நடந்து, திருச்சியில் குடித்தனமும் நன்றாகவே நடக்கிறது. மேடத்திடம் இதைக் கேட்டால், பிரேக் போட்டால் வண்டியே வேண்டாம் என்று அர்த்தமா, மெதுவாகப் போ என்றுதானே அர்த்தம் என்பார்.

இந்தக் காலுக்கு ஒரு காரணம் தேடியவர்கள் உண்டு. மகள் சின்னப் பெண்ணாக இருக்கும்போதே அவர் கணவர் இறந்துபோனார். விபத்தில் போயிருப்பார், அதனால்தான் இப்படி என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. மஞ்சள் காமாலை சார், கட்டிலில் படுத்தபடி போனார் என்று மேடமே என்னிடம் சொன்னார். காரணம் தேடியவர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கும்.

ஊரடங்குக் காலத்தில் டிரைவிங் ஸ்கூல் மூடியது. அதன் பிறகு திறக்கவில்லை. இரட்டைப் பெடல் காரை விற்றுவிட்டு ஒரு பழைய சின்னக் காரை வாங்கி, படப்பையிலிருந்து எங்களை வல்லம் வடகாலுக்குக் காலையில் கொண்டுபோய் விட்டு, மாலையில் கூட்டிவரத் தொடங்கினார். எங்களை என்றால் என்னையும் செல்வியையும். நான் உதிரிபாகக் கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்கள் பார்க்கிறவன். செல்வி தென்காசிப் பக்கத்துப் பெண், அதே கம்பெனியில் தரப் பரிசோதனை. பின் இருக்கையில் ஏறியதும் தூங்கிவிடுவாள்; தூக்கத்திலேயே பேச்சுக்குப் பதிலும் சொல்வாள்.

இரண்டு வருஷத்தில் மேடத்தின் முழங்கால்கள் கேட்கவில்லை. அதிலும் வலது முட்டி மாலையில் பப்பாளி மாதிரி வீங்கும். ஒரகடம் சாலையில் காலை நேரத்தில் கார் ஓட்டுவதென்றால் ஓட்டுவது குறைவு, மிதிப்பதுதான் அதிகம். கன்டெய்னர் லாரி, புதுக் கார்களை இரண்டடுக்காக ஏற்றிய டிரெய்லர், ஷேர் ஆட்டோ, நடுவில் மாடு. தாம்பரத்து டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, முட்டி வேண்டுமா வண்டி வேண்டுமா என்று கேட்டாராம். மேடம் வண்டி என்று சொல்லிவிட்டு வந்தார்.

மகள் திருச்சியிலிருந்து கிளம்பி வந்தாள். கூட வந்து இரு என்றாள். மேடம் மாட்டேன் என்றார். இரண்டு நாள் வாக்குவாதம் நடந்து கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆனது. மகளும் மருமகனும் பார்த்து ஒரு கார் எடுத்துத் தருவார்கள். கிளட்ச் இல்லாத கார், க்ரூஸ் கன்ட்ரோல் உள்ள கார். பொங்கலுக்கு மகள் வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்ப் பார்ப்பாள். அவளுக்குப் பயமாக இருந்தால் மேடம் வண்டியை விட்டுவிட்டு, படப்பை வீட்டைப் பூட்டிக்கொண்டு திருச்சிக்குப் போய்விட வேண்டும். பயம் இல்லையென்றால் மகள் இந்தப் பேச்சையே இனி எடுக்கக்கூடாது.

மேடம் ஒப்புக்கொண்டார். ஆவணியில் கார் வந்தது.

க்ரூஸ் கன்ட்ரோலில் இரண்டு வகை உண்டு. பழைய வகை எங்கள் கம்பெனி வண்டியில் இருந்தது. பெங்களூர் சாலையில் எண்பதில் வைத்துவிட்டால் காலை எடுத்துவிடலாம். வண்டி எண்பதிலேயே போகும். முன்னால் லாரி மெதுவானாலும் எண்பதுதான். செக்குமாட்டுக்குக் கண்கட்டியது மாதிரி. நம் ஊர்ச் சாலையில் அதை அழுத்த யாருக்கும் தைரியம் வராது. மேடத்துக்கு வந்தது இரண்டாவது வகை, அடாப்டிவ் என்பார்கள். அதற்கு முகப்பில் ஒரு கண் உண்டு. முன்னால் போகும் வண்டியைப் பார்த்து, அது மெதுவானால் தானும் மெதுவாகும், நின்றால் நிற்கும், நகர்ந்தால் பின்னாலேயே நகரும். எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதையும் நாமே சொல்லிவிடலாம். ஸ்டியரிங்கில் ஒரு பொத்தானை அழுத்தினால் திரையில் கோடுகள் கூடும், குறையும். மேடம் எடுத்த எடுப்பில் எல்லாக் கோடுகளையும், அதாவது இருப்பதிலேயே பெரிய இடைவெளியை, வைத்துக்கொண்டார்.

ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு. ஓட்டுகிறவர் பிரேக்கைத் தொட்டால் போதும், க்ரூஸ் உடனே விலகிக்கொள்ளும். இனி உன் பாடு என்று அர்த்தம்.

முதல் வாரம் முழுக்க இந்தக் கூத்துதான். பொத்தானை அழுத்துவார். வண்டி லாரிக்குப் பின்னால் சாதுவாகப் போகும். லாரியின் சிவப்பு விளக்கு எரியும். கார் மெதுவாகத் தொடங்குவதற்குள் மேடத்தின் கால் போய்விடும். டிங் என்று ஒரு மணி அடித்து க்ரூஸ் அணைந்துவிடும். மறுபடி பொத்தான். மறுபடி கால். "இன்னா சார் இது, தொட்டாச்சிணுங்கியா வாங்கிக் குடுத்துகீறா எம் பொண்ணு" என்றார். செல்வி கண்ணைத் திறக்காமலே, "அது சிணுங்கல மேடம். நீங்கதான் தொடுதீய" என்றாள்.

காலைக் கட்டுப்படுத்த என்னென்னவோ செய்து பார்த்தார். செருப்பைக் கழற்றினார். குதிகாலை இருக்கைக்கு அடியில் செருகிக்கொண்டார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி ஓட்டினார். சாமி பெயர் என்று நினைத்தேன், கவனித்தால், "இரு, இரு, அது பாத்துக்கும், இரு" என்று காலோடு பேசிக்கொண்டிருந்தார். நான் கையேட்டை வாங்கிக்கொண்டு போய் அட்டை முதல் அட்டை வரை படித்தேன். பைக் குறுக்கே நுழைந்தால் அதற்குச் சட்டென்று தெரியாது, குறுக்கே படுத்திருக்கும் மாடு அதன் கணக்கில் வராது, பெருமழையில் தானே கண்ணை மூடிக்கொள்ளும் என்று எழுதியிருந்ததைச் சொன்னேன். கண் வேலை உங்களுடையது, கால் வேலை மட்டும்தான் அதனுடையது என்றேன். கண் வேலையைக் கொடுத்துவிட்டுக் கால் வேலையை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

ஐப்பசி மழைக்கு நடுவே ஒருநாள் வெளுத்த காலை. ஏரிப் பக்கமிருந்து மூடுபனி வந்து சாலையில் முழங்கால் உயரத்துக்குப் படர்ந்திருந்தது. வண்டிகளுக்குச் சக்கரமே இல்லாத மாதிரி, எல்லாம் பனிமேல் மிதந்துபோயின. முன்னால் ஒரு டிரெய்லர், அதன்மேல் இன்னும் யாரும் ஓட்டாத கார்கள் வெள்ளைத் தாள் ஒட்டிய கண்ணாடிகளோடு தூங்கிக்கொண்டு போயின. செல்வி தூங்கினாள். நானும் பாதித் தூக்கம். மேடம் காலைப் பிரேக்கின் மேல் வைத்திருந்தார், மிதிக்காமல், இறகு வைத்த மாதிரி. டிரெய்லர் மெதுவானது. அந்த நொடியில் அவர் உடம்பு ஒருமுறை உலுக்கிக்கொண்டதைப் பின் இருக்கையிலிருந்து பார்த்தேன்.

வல்லம் வடகால் திருப்பத்தில் திரும்பியதும் மெல்லச் சொன்னார்.

"பெடலு தானா கீழ போச்சு சார். எங்காலு வெறுமனே மேல கீது. கீழ யாரோ மிதிக்கிறாங்க."

சில கார்களில் அப்படித்தான், தானே பிரேக் போடும்போது பெடலும் கூடவே இறங்கும் என்றேன். அவர் அதைக் கேட்ட மாதிரித் தெரியவில்லை.

"எங்கிட்ட வந்த அத்தினி பேரும் மொத நாளு இதையேதான் சொல்லுவாங்க. மேடம், பேய் மிதிக்குதுன்னு. பேயி இல்லடா, நான்தான்னு சொல்லுவேன்." கீழே ஒருமுறை பார்த்துவிட்டு, "இப்ப நான் யாராண்ட கேக்கறது?" என்றார்.

அந்தக் கேள்வியில் பயம் இல்லை. கூச்சம் இருந்தது. தன் வீட்டுக்குள் யாரோ பாத்திரம் கழுவிவைத்துவிட்டுப் போயிருப்பதைக் கண்டுபிடித்தவர் முகம் அப்படி இருக்கலாம்.

அன்றிலிருந்து கால் அடங்கியது. ஒரேயடியாக அல்ல, நாய்க்குட்டி பழகுவது மாதிரி. முதலில் மணி அடிப்பது குறைந்தது. பிறகு ஒரகடம் மேம்பாலம் வரை அடிக்காமலே போனோம். கார்த்திகையில் எங்கள் காலைகள் கனவு மாதிரி ஆயின. வண்டி மூச்சு வாங்குவது போல வேகம் கூட்டும், மூச்சு விடுவது போல வேகம் குறைக்கும். தொழிற்சாலைச் சுவர்கள் ஒன்றுபோலவே நீளமாக வந்து, ஒன்றுபோலவே போகும். அவற்றுக்கு நடுவில் எப்படியோ விட்டுப்போன ஒரு துண்டு வயலில் கொக்கு நிற்கும். மேடம் முதன்முறையாகச் சாலையின் ஓரத்தைப் பார்க்கத் தொடங்கினார். இந்த இடத்தில் ஒரு குளம் இருக்கிறதா சார், எனக்குத் தெரியவே தெரியாதே என்றார். இருபது வருஷமாக அதைத் தாண்டிப் போனவர்.

இந்தச் சாலையில் கார், பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலை நேரத்தில் ஏதாவது ஒரு கம்பெனி பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வது. பஸ் டிரைவருக்கு எந்தப் பள்ளம் எங்கே, எந்த வேகத்தடைக்குப் பெயின்ட் அழிந்துவிட்டது என்பதெல்லாம் மனப்பாடம். அவர் மெதுவானால் நாமும் மெதுவானால் போதும். மேடமும் எப்போதும் அப்படித்தான் போவார். க்ரூஸ் வந்த பிறகு இது இன்னும் சுகமாகிவிட்டது. பஸ்ஸை அதனிடம் காட்டிவிட்டால் போதும்.

மார்கழியில் ஒருநாள் அப்படி ஒரு வெள்ளைப் பஸ்ஸின் பின்னால் போனோம். கோயில்களில் பாட்டு முடிந்து வெளிச்சம் வந்திருந்தது. ஸ்டியரிங்கை மேடம்தான் பிடித்திருந்தார், சந்தேகமில்லை. பஸ் திரும்பியது, நாங்களும் திரும்பினோம். பஸ் மறுபடி திரும்பியது. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஒன்றும் தோன்றவில்லை. பஸ் நின்றது. கார் அதன் பின்னால் அழகாக, இடைவெளி விட்டு நின்றது. ஒரு தடுப்புக் கம்பி உயர்ந்து பஸ் உள்ளே போனது; கம்பி இறங்கியது. செக்யூரிட்டி ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டி, அட்டையைக் காட்டுங்க, எந்த ஷிஃப்ட் என்று கேட்டார்.

நாங்கள் பார்த்தே இராத ஒரு கம்பெனியின் வாசலில் நின்றிருந்தோம். செல்வி விழித்து, வெளியே பார்த்து, "வேலை மாத்திட்டோமா மேடம்? சம்பளம் எவ்வளவாம்?" என்றாள். செக்யூரிட்டி சிரித்துவிட்டார். மேடம் சிரிக்கவில்லை. பின்னால் இன்னும் மூன்று பஸ்கள் வரிசையில் நின்று ஹாரன் அடித்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பின்வாங்கச் சொல்லி நாங்கள் வெளியே வருவதற்குள் எங்கள் இருவருக்கும் லேட் ஆகிவிட்டது.

இந்தக் கதை திருச்சிக்குப் போய்விட்டது. சொன்னது மேடமேதான். மறைக்கத் தெரியாது அவருக்கு. காலை அடக்கினதும் தலையும் சேர்ந்து அடங்கிடுச்சுடி என்று வேடிக்கையாகத்தான் சொல்லியிருக்கிறார். மகள் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. பொங்கல் வரை எதற்கு, இப்போதே வருகிறேன் என்றாளாம். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று மேடம் போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிந்தைய நாட்களில் அவர் ஓட்டுவதைப் பார்ப்பதற்குக் கஷ்டமாக இருந்தது. தினமும் தேர்வு எழுதுகிறவர் மாதிரி ஓட்டினார். படப்பையில் அவருக்கு இருந்தது ஒரு சின்ன வீடு, ஒரு முருங்கை மரம், சாவி. காலையில் எழுந்து யாரையாவது எங்காவது கொண்டுபோய் விடும் வேலை. திருச்சியில் மகள் வீடு மூன்றாவது மாடி. அங்கே நான் எதை மிதிப்பது சார் என்று ஒருமுறை கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

போகிக்கு முதல்நாள் மகள் வந்தாள். போகி அன்று விடிந்ததும் புறப்படுவதாக ஏற்பாடு. பக்கத்துத் தெருவில் இருக்கும் என்னையும் கூப்பிட்டாள். "நீங்களும் வாங்க சார். அம்மா நல்லா ஓட்டுனாங்கன்னு நான் சொன்னா அவங்களே நம்ப மாட்டாங்க. சாட்சி வேணும்." செல்வி ஊருக்குப் போயிருந்தாள். பின் இருக்கை முழுக்க எனக்கே.

தெருவெல்லாம் பழம்பாய் எரியும் புகை. புகையும் பனியும் எது எது என்று பிரிக்க முடியாமல் கலந்து, தெருவிளக்குகள் ஒவ்வொன்றும் ஒரு மஞ்சள் கூட்டுக்குள் இருந்தன. மேடம் விளக்குகளைப் போட்டு, வேகத்தைக் குறைவாக வைத்து, எல்லாக் கோடுகளையும் போட்டுக்கொண்டார். செருப்பைக் கழற்றிப் பின்னால் தள்ளினார். மகள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சாலை எங்களுக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உண்டாகிக்கொண்டிருந்தது.

ஒரகடம் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் சாலையில் திரும்பிய பிறகு, இடப்பக்கமிருந்து ஒரு டிப்பர் லாரி மேடம் விட்டிருந்த இடைவெளிக்குள் சைகை எதுவும் இல்லாமல் நுழைந்தது. அதன் பின்விளக்கில் ஒன்றுதான் எரிந்தது. மேடம் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தார். கண் லாரியின் மேல் இருந்தது. கால் பெடலின் மேல் வெறுமனே இருந்தது. கார் தானே குனிந்த மாதிரி மெதுவாகி, லாரியை விலகவிட்டு, மறுபடி தன் இடைவெளியைச் சேர்த்துக்கொண்டது. மணி அடிக்கவில்லை.

ஆனால் காருக்குள் ஏதோ ஒரு சத்தம் கேட்டிருந்தது. ரப்பர் பாயில் செருப்பு அழுந்தும் சத்தம். மேடம் இடப்பக்கம் கீழே பார்த்தார். மகளின் வலது கால் முழங்கால் விறைக்கத் தரையில் ஊன்றியிருந்தது.

"உங்காலு இன்னாத்துக்குடி அங்க போவுது?"

"சின்ன வயசுலேர்ந்து உம் பக்கத்துல உக்காந்துகினு வந்தா வேற எங்க போவும்?"

"எத்தினி நாளா?"

"எப்பவுமே. அவர் ஓட்டும்போதும். திருச்சில பஸ்ல போம்போதும். அவர் தினம் திட்டுவாரு."

மேடம் திரும்பச் சாலையைப் பார்த்தார். ஸ்ரீபெரும்புதூர் வருவதற்கு முன்னால், முட்டி வலிக்கிறதா என்று ஒருமுறை கேட்டார். இப்போதைக்கு இல்லை என்றாள் மகள்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மகள் சொன்னாள். "எனக்குப் பயமா இல்லம்மா. நல்லாத்தான் ஓட்டுற. நீ இங்கேயே இருந்துக்கோ. நான் இனிமே கேக்க மாட்டேன்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். சாட்சியாகத் தலையை ஆட்டினேன். மேடம் ஜெயித்துவிட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது; அதில் என் காலைப் பயணத்தின் சுயநலமும் இருந்தது என்பதை மறைக்கவில்லை.

மேடம் டீயை முடித்தார். காரைச் சுற்றி நடந்துபோய் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். சாவியை ஜன்னல் வழியாக நீட்டினார்.

"நீ ஓட்டு."

"நான் ஓட்டுனா நீ வழியெல்லாம் மிதிச்சுகினே வருவ."

"மிதிச்சா மிதிச்சுட்டுப் போறேன். ஓட்டு."

மகள் ஓட்டினாள். க்ரூஸைப் போட்டாள், கோடுகளைப் போட்டாள். முதல் லாரிக்கு மேடத்தின் கால் அழுந்தியது. அதே நேரத்தில் மகளின் கால் பிரேக்கில் பட்டு மணி அடித்தது. மேடம் கையை நீட்டி மகளின் வலது தொடைமேல் வைத்தார். "இரு. அது பாத்துக்கும், இரு." இரண்டாவது லாரிக்கு மணி அடிக்கவில்லை. கை அங்கேயே இருந்தது.

வெயில் வந்து புகை மேலே போனது. தொழிற்சாலைச் சுவர்கள் வந்தன, போயின. ஒரகடம் மேம்பாலம் இறங்கும்போது மேடத்தின் கை நழுவி மடியில் விழுந்திருப்பதைக் கவனித்தேன். எட்டிப் பார்த்தேன். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த வலது கால் பாயின்மேல் பக்கவாட்டில் சரிந்து, உள்ளங்கால் தெரியக் கிடந்தது. வேறொருவர் ஓட்டும் வண்டியில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. வேறு யாரும் பார்த்திருக்க முடியும் என்றும் தோன்றவில்லை. மகள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்து வைத்தாள்.

படப்பை வந்தது. பஜாரில் கரும்புக் கட்டுகள் சாத்தியிருந்தன, மஞ்சள் கொத்து விற்றார்கள். மகள் மெல்ல, "அம்மா, வூடு வந்துடுச்சு" என்றாள்.

மேடம் கண்ணைத் திறந்து, தலையை எடுக்காமலே வெளியே பார்த்தார். தொலைதூர ரயிலில் போகிறவர்கள் நடுவில் வரும் ஊரைப் பார்ப்பார்களே, அப்படி. அவர் தெரு வந்தது. ஓடுகளுக்கு மேலே முருங்கை மரத்தின் உச்சி தெரிந்தது.

"நேராப் போ."

"எங்க?"

"திருச்சிக்கு இப்படித்தான போவணும்?"

மகள் அவரைப் பார்த்தாள். முன்னால் போன ஷேர் ஆட்டோ ஓரமாக ஒதுங்கியது. சாலை காலியானது, யாரும் எதையும் மிதிக்கவில்லை, வண்டி தானாக வேகம் எடுத்தது. தெரு பின்னால் போனது. அடுத்தது என் தெரு. அதுவும் போனது. நான் இறங்க வேண்டும் என்று சொல்லவில்லை.